"அதை எப்படிக்கா சாப்பிடுறாங்க?" - வாசகர் கேள்வி பதில்

போன தடவை ஒரு பதில்ல வேற நாட்டு சாப்பாடு பத்தி நாலு வரி எழுதினேன், அவ்ளோதான், அதுக்கப்புறம் வந்த கேள்வில முக்கால்வாசி சாப்பாடு பத்திதான். சிலர் ஆசையா கேட்டிருக்கீங்க, சிலர் பயந்து கேட்டிருக்கீங்க, ஒருத்தர் நல்லா கோபமாவே எழுதியிருக்கார். அதனால இந்த வாரம் முழு பக்கத்தையும் இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, ஒரு பார்ட்டில ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் சேர்ந்து ஸ்வீடன்ல இருந்து வந்த மீன் டப்பாவை திறந்து சேலஞ்ச் வைச்சாங்க. ஒரு வாய் வைச்சதும் வாந்தி எடுத்துட்டேன். வீடியோ எடுத்து குரூப்ல போட்டு இன்னும் ஓட்டிட்டு இருக்காங்க. எனக்கு மட்டும் ஏன் இப்படி, நான் அவ்ளோ வீக்கா? (கல்லூரி மாணவர்)

தம்பி, உங்க நாக்குல ஒரு குறையும் இல்ல. அந்த டப்பாவை உங்களுக்கு கொடுத்த விதம்தான் தப்பு. அது பேரு சூர்ஸ்ட்ரோம்மிங், பால்டிக் கடல்ல பிடிக்கிற ஹெர்ரிங் மீன். உப்பு விலை ஜாஸ்தியா இருந்த காலத்துல, மீன் கெட்டுப்போகாம இருக்க எவ்ளோ உப்பு வேணுமோ அவ்ளோ மட்டும் போட்டு புளிக்க வைச்சு சாப்பிட்டு பழகினாங்க. டப்பால அடைச்ச பிறகும் உள்ள புளிச்சுக்கிட்டே இருக்கும், கேஸ் சேர்ந்து டப்பாவே உப்பிப்போயிடும், அதான் திறந்ததும் தண்ணி பீச்சி அடிக்குது. 2006ல ஏர் பிரான்ஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ் ரெண்டும் இந்த டப்பாவை விமானத்துல ஏத்தக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க.

ஆனா அந்த ஊர்க்காரங்க சாப்பிடற விதத்தை கேளுங்க. ஆகஸ்ட் மாசக் கடைசில, வெட்டவெளில டேபிள் போட்டு, சிலர் வாளித் தண்ணிக்குள்ள முக்கி வைச்சே டப்பாவை திறப்பாங்க. மீனை எடுத்து குடலை எடுத்துட்டு, முள்ளை எடுத்துட்டு, மெல்லிசா இருக்கற ரொட்டில வெண்ணெய் தடவி, வேகவைச்ச உருளைக்கிழங்கு, பொடியா நறுக்கின வெங்காயம் எல்லாம் அடுக்கி, அதுக்கு மேல கொஞ்சூண்டு மீன். உப்பும் புளிப்பும் கொடுக்கத்தான் அந்த மீன். உங்க ஃப்ரெண்ட்ஸ் குடலோட முழு மீனை அப்படியே கையில கொடுத்திருக்காங்க, அந்த ஊர்க்காரங்களே அப்படி சாப்பிட மாட்டாங்க.

இன்னொரு விஷயமும் உங்ககிட்ட சொல்லணும். 2001ல ரேச்சல் ஹெர்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், கூட வேலை பார்த்தவரோட சேர்ந்து ஒரு சோதனை பண்ணாங்க. ஒரே வாசனைய ஒரு தடவை "இது பார்மசான் சீஸ்"னு சொல்லி முகர வைச்சாங்க, இன்னொரு தடவை "இது வாந்தி"ன்னு சொல்லி முகர வைச்சாங்க. சீஸ்னு சொன்னப்ப நல்லா இருக்குன்னவங்களே வாந்தின்னு சொன்னதும் மூஞ்சிய திருப்பிக்கிட்டாங்க. மூக்குக்குள்ள போனது ஒரே கெமிக்கல்தான், மாறினது பேரு மட்டும். இப்ப யோசிங்க, சுத்தி நின்னு நாலு பேர் "ஐயோ நாறுது நாறுது"ன்னு கத்தி, கேமராவை மூஞ்சிக்கு நேரா நீட்டினா யாருக்கு சாப்பாடு உள்ள இறங்கும்? அந்த வீடியோவை டெலீட் பண்ண சொல்லுங்க. உங்க உடம்பு செஞ்சது சரியான வேலை.

கேள்வி: நட்டோ (ஜப்பான்ல புளிக்க வைச்சு சாப்பிடற சோயாபீன்ஸ்) பாக்கெட் வாங்கி ஒரு வாரமா ஃப்ரிட்ஜ்ல இருக்கு. தினமும் கதவை திறந்து பார்த்துட்டு மூடிடறேன். எப்படி ஆரம்பிக்கறது? (ஐடில வேலை பார்க்கும் தங்கை)

இதை எனக்கு சொல்லிக்கொடுத்தது ஜப்பான்ல ரொம்ப வருஷம் இருந்துட்டு வந்த ஒரு தோழி, அவங்க சொன்ன மாதிரியே சொல்றேன். குட்டி தெர்மோகோல் டப்பாவை திறந்தா மேல ஒரு மெல்லிசான பிளாஸ்டிக் ஷீட் இருக்கும், அதை மெதுவா உரிங்க, அப்பவே நூல் நூலா இழுக்கும், பயப்படாதீங்க, அந்த நூல்தான் நட்டோ நல்லா வந்திருக்குங்கறதுக்கு அடையாளம். வேகவைச்ச சோயாபீன்ஸ்ல பாசில்லஸ் சப்டிலிஸ்ங்கற பாக்டீரியாவை விட்டு சுமார் 40 டிகிரி சூட்டுல ஒரு நாள் வைச்சா இந்த வழவழப்பு வரும். முதல்ல ஒண்ணும் ஊத்தாம சாப்ஸ்டிக்கால வட்டமா கலக்குங்க, நாப்பது அம்பது தடவை, வெள்ளையா நுரை கட்டற வரைக்கும். அப்புறம் டப்பாவோட வர்ற சாஸ், மஞ்சள் கலர் கடுகு பேஸ்ட் ரெண்டையும் விட்டு கலந்து, ஆவி பறக்கற சூடான சாதத்து மேல போடுங்க. சூடான சாதம்ங்கறது முக்கியம், தனியா ஸ்பூன்ல எடுத்து வாயில போட்டா முதல் நாளே வெறுத்துடுவீங்க.

எனக்கு முதல் தடவை வாசனை தாண்டி ருசிக்கு போகவே முடியல, ரெண்டு வாயோட வைச்சுட்டேன். மூணாவது தடவைதான் பீன்ஸோட அந்த கொட்டை மாதிரியான ருசி, லேசான கசப்பு, கடுகு மூக்குல ஏறறது எல்லாம் தனித்தனியா தெரிஞ்சுது. இப்ப வாரத்துக்கு ஒரு நாள் இல்லன்னா எதையோ மறந்த மாதிரி இருக்கு. ஜப்பான்லயே ஒசாகா பக்கம் இருக்கறவங்க நிறைய பேருக்கு இது பிடிக்காது, கிழக்கு பக்கம்தான் இதுக்கு பேர் போனது, அதனால கடைசி வரைக்கும் பிடிக்கலன்னாலும் ஒண்ணும் தப்பில்ல.

ஒரு எச்சரிக்கை. வீட்ல யாராவது ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுத்துக்கிட்டா அவங்க நட்டோவை தொடக்கூடாது. இதுல வைட்டமின் கே ரொம்ப ஜாஸ்தி, மாத்திரையோட வேலையையே கெடுத்துடும்.

கேள்வி: ஐஸ்லாந்துல சுறாவை மண்ணுல புதைச்சு அழுக வைச்சு சாப்பிடுறாங்களாமே! நல்ல மீனை ஃப்ரெஷ்ஷா சாப்பிடாம எதுக்கு இந்த வேண்டாத வேலை? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, அந்த மீனை ஃப்ரெஷ்ஷா சாப்பிட்டாத்தான் ஆபத்து. இந்த ஒரு விஷயத்துக்காகவே உங்க கேள்விக்கு நீளமா பதில் எழுதறேன்.

அது கிரீன்லாந்து சுறா. நடுங்கற குளிர்ல ஆழ்கடல்ல வாழற மீன், 2016ல அதோட கண் லென்ஸை ஆராய்ச்சி பண்ணவங்க குறைஞ்சது 272 வருஷமாவது வாழும்னு கணக்கு சொன்னாங்க. அதோட சதை முழுக்க யூரியாவும் ட்ரைமெத்திலமைன் ஆக்சைடும் நிறைஞ்சிருக்கு. பச்சையா சாப்பிட்டா அது வயித்துக்குள்ள உடைஞ்சு விஷமாகி, குடிச்சவங்க மாதிரி தள்ளாட வைச்சிடும், பனிச்சறுக்கு வண்டி இழுக்கற நாய்ங்களுக்கு போட்டா அதுங்களும் நிக்க முடியாம விழுந்துடும். மரமே அபூர்வமா இருக்கற ஒரு தீவுல, மாசக்கணக்கா பனி கொட்டற இடத்துல, அவ்ளோ பெரிய மீன் கிடைச்சும் சாப்பிட முடியலன்னா என்ன பண்ணுவாங்க? கடற்கரையோரம் கூழாங்கல் மணல்ல குழி தோண்டி, சுறாத் துண்டுகளை போட்டு, மேல பெரிய பெரிய கல்லை ஏத்தி வைச்சாங்க. ஆறுல இருந்து பன்னிரண்டு வாரம் அந்த கல்லோட பாரத்துல விஷத்தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கீழ வடிஞ்சு போகும். அப்புறம் நீள நீளமா வெட்டி, காத்து நல்லா அடிக்கற கொட்டகைல மாசக்கணக்குல தொங்கவிடுவாங்க. மேல காஞ்சு கருப்பா ஒரு தோல் கட்டும், அதை சீவி எடுத்துட்டு உள்ள இருக்கறதை சின்ன சின்ன கட்டமா வெட்டி பல்குத்தற குச்சில குத்தி கொடுப்பாங்க. அமோனியா நெடி மூக்கை அடைக்கும், அதனால புதுசா சாப்பிடறவங்களை மூக்கை பிடிச்சுக்க சொல்லுவாங்க. கூடவே பிரென்னிவின்னு ஒரு சாராயம். ஜனவரி, பிப்ரவரில வர்ற நடு குளிர்கால விருந்துல இது கட்டாயம் இருக்கும். ஹாகார்ல்னு பேரு.

இதை அழுகல்னு சொல்றது எனக்கு மனசுக்கு ஒப்பல ஐயா. விஷத்தை எடுத்துட்டு சாப்பாட்டை மட்டும் நிறுத்திக்கற ஒரு வித்தை இது.

இதே வித்தை உலகம் முழுக்க இருக்கு. கசப்பு மரவள்ளிக் கிழங்குல சயனைடை வெளியிடற பொருள் இருக்கு, அமேசான் காட்டு மக்கள் ஆயிரக்கணக்கான வருஷமா அதைத்தான் சாப்பிடறாங்க. எப்படின்னா, கிழங்கைத் துருவி டிப்பிட்டின்னு ஒரு நீளமான பின்னல் கூடைக்குள்ள அடைப்பாங்க, மேல் நுனியை உத்தரத்துல மாட்டிட்டு கீழ் நுனில ஒரு கட்டையை செருகி அது மேல உட்காருவாங்க, பாரத்துல கூடை நீண்டு ஒடுங்கி உள்ள இருக்கற சாறை முழுசா பிழிஞ்சிடும், அதுக்கப்புறம் மிஞ்சின மாவை வறுப்பாங்க. அந்த விஷச் சாறையும் கொட்ட மாட்டாங்க, தெளிய வைச்சு ரொம்ப நேரம் கொதிக்க வைச்சா சயனைடு ஆவியாப் போயிடும், மிச்சம் வர்ற மஞ்சள் குழம்புதான் பிரேசில்ல டுக்குப்பி. ஜாம்பூன்னு ஒரு கீரையோட சேர்த்து சூப்பா குடிப்பாங்க, அந்த கீரை உதட்டை மரத்துப்போக வைக்கும்.

16ஆம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியர்கள் இந்த கிழங்கை ஆப்பிரிக்காவுக்கு கொண்டு போனாங்க. அங்கயும் ஊறவைக்கறது, புளிக்க வைக்கறது, காயவைக்கறதுன்னு மக்கள் சொந்தமா முறை கண்டுபிடிச்சுக்கிட்டாங்க. ஆனா பஞ்சம், போர்னு வந்து அவசரத்துல ஊறவைக்கற நாளை குறைச்சப்ப என்ன ஆச்சு தெரியுமா? கொன்சோன்னு ஒரு நோய், ஒரே நாள்ல ரெண்டு காலும் முடங்கிப்போயிடும், திரும்ப சரியாகாது. காங்கோ பக்கம் பேசற யாக்கா மொழில அந்த வார்த்தைக்கு கால் கட்டுப்பட்டதுன்னு அர்த்தம். குறைஞ்சது என்னவோ ஒண்ணு ரெண்டு நாள் ஊறல்தான்.

மக்காச்சோளத்துக்கும் இதே கதை. மெக்சிகோ மக்கள் சோளத்தை சுண்ணாம்புத் தண்ணில வேகவைச்சுத்தான் அரைப்பாங்க. ஐரோப்பாக்காரங்க சோளத்தை மட்டும் எடுத்துட்டு போனாங்க, சுண்ணாம்பை விட்டுட்டாங்க. சுண்ணாம்பு இல்லன்னா சோளத்துல இருக்கற நியாசின்ங்கற வைட்டமின் உடம்புல சேராது. இத்தாலி, ஸ்பெயின்ல ஆரம்பிச்சு 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல அமெரிக்கா தெற்கு பகுதி வரைக்கும், சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை மக்கள் பெல்லாக்ரா நோய் வந்து தோல் உரிஞ்சு புத்தி பேதலிச்சு செத்துப்போனாங்க. நியாசின்தான் அதுக்கு மருந்துன்னு தெரிஞ்சது 1937ல. அதை அடுப்படில இருந்த பாட்டிங்க பேர் தெரியாமலே எத்தனையோ தலைமுறையா செஞ்சுட்டு இருந்தாங்க. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு தொண்டை அடைக்குது ஐயா. ஒரு ஊரோட சாப்பாட்டை எடுத்துக்கிட்டா அதை செய்யற முறையையும் கேட்டு வாங்கிக்கணும், அதுக்கு அந்த ஊர்க்காரங்களை மதிக்கணும்.

கேள்வி: சீனால சாப்பிடற நூறு வருஷ முட்டை நிஜமாவே நூறு வருஷம் பழசா? குதிரை மூத்திரத்துல ஊறவைக்கிறாங்கன்னு சொல்றாங்களே? (பள்ளி மாணவி)

ரெண்டுமே பொய்மா. சில வாரத்துல இருந்து சில மாசம் வரைக்கும்தான். சுண்ணாம்பு, சாம்பல், உப்பு, டீ இதெல்லாம் குழைச்சு வாத்து முட்டை மேல பூசி வைப்பாங்க. அந்தக் கலவையோட காரத்தன்மை (ஆல்கலி) முட்டை ஓட்டைத் தாண்டி உள்ள போனதும் வெள்ளைக்கரு பழுப்பு ஜெல்லி மாதிரி ஆயிடும், மஞ்சக்கரு கரும்பச்சையா குழைஞ்சிருக்கும், லேசா அமோனியா வாசனை வர்றதாலதான் அந்த மூத்திரக் கதையே கிளம்பிச்சு. நல்லா வந்த முட்டைல பனிப்பூ மாதிரி கோலம் படிஞ்சிருக்கும், கையில எடுத்து வெளிச்சத்துல பாரு, அவ்ளோ அழகு.

கேள்வி: பிலிப்பைன்ஸ்ல குஞ்சு இருக்கற முட்டையை அவிச்சு சாப்பிடறதை பத்தி போன தடவை எழுதியிருந்தீங்க. இதெல்லாம் சாப்பாடா? காட்டுமிராண்டித்தனம். இதையெல்லாம் பத்திரிகைல எழுதி ஏன் வளர்க்கறீங்க? (பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகர்)

உங்க கோபம் புரியுது. உயிர் மேல இருக்கற இரக்கத்துல எழுதியிருக்கீங்க, உயிரையே சாப்பிடமாட்டேன்னு இருக்கறவங்க இதைக் கேட்டா என்கிட்ட எதிர்வாதம் கிடையாது, அது அவங்க கொள்கை, நான் மதிக்கறேன். ஆனா முட்டையும் சாப்பிட்டு கோழியும் சாப்பிடறவங்க, இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஒண்ணை மட்டும் காட்டுமிராண்டித்தனம்னு சொல்றது எனக்கு நியாயமா படல. அது கண்ணுக்கு பழகாத ஒண்ணு, அவ்ளோதான்.

நான் அதை சாப்பிட்டிருக்கேன். கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் பொண்ணோட அம்மா கொடுத்தது. பலூட்னு பேரு, வாத்து முட்டை, அங்க பொதுவா 14 நாள்ல இருந்து 18 நாள் வரைக்கும் அடைகாக்க வைச்சது. சூடா கையில வைச்சு, அகலமா இருக்கற பக்கத்தை ஸ்பூனால தட்டி சின்ன ஓட்டை போட்டு, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, முதல்ல உள்ள இருக்கற சாறை உறிஞ்ச சொன்னாங்க. கண்ணை மூடிக்கிட்டு குடிச்சேன், அசல் கோழி சூப். அப்புறம் ஓட்டை உரிச்சு கொஞ்சம் வினிகர் விட்டு, மஞ்சக்கரு வெண்ணெய் மாதிரி கரைஞ்சுது. அடில கெட்டியா ரப்பர் மாதிரி ஒரு வெள்ளைக் கட்டி இருந்துச்சு, அதுக்கு அவங்க பாட்டோன்னு சொல்லுவாங்க, கல்லுன்னு அர்த்தம், அதை விட்டுடுன்னாங்க. குஞ்சு இருந்த பகுதியை என்னால பார்க்க முடியல, பார்க்காமலே சாப்பிட்டேன், சதை ரொம்ப மெத்துனு இருந்துச்சு. அந்தம்மா என் மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தாங்க. பிடிச்சிருக்கான்னு கேக்கல, எங்க ஊர் ஞாபகமா இருக்கு எனக்குன்னு அவங்களாவே சொல்லி, சின்ன வயசுல ராத்திரி நேரத்துல தெருவுல "பலூட், பலூட்"னு கூவிட்டு போற ஆளுக்காக முழிச்சிட்டு இருந்ததை பத்தி ஒரு மணி நேரம் பேசினாங்க. அந்த ஒரு மணி நேரம் இல்லன்னா நான் போன தடவை அதைப் பத்தி எழுதியிருக்கவே மாட்டேன்.

கேள்வி: நான் சுத்த சைவம். எனக்கு ட்ரை பண்ண ஏதாவது இருக்கா, இல்ல வேடிக்கை பார்க்கறது மட்டும்தானா? (இல்லத்தரசி)

நிறைய இருக்கும்மா, ஆனா மறைஞ்சிருக்கறதை கவனிங்க. நட்டோ சைவம்தான், ஆனா கூட வர்ற சாஸ்ல பெரும்பாலும் மீன் சாறு இருக்கும், அதை தூக்கிப்போட்டுட்டு வெறும் சோயா சாஸ் விட்டுக்கோங்க. கொரியால புளிக்க வைச்சு சாப்பிடற கிம்ச்சி வெறும் முட்டைகோஸ்னு நினைச்சு வாங்கிடாதீங்க, உப்புல ஊறவைச்ச எறாலோ மீன் சாஸோ சேர்ப்பாங்க, லேபிள்ல பார்த்துட்டு வாங்குங்க. கொரியால புத்த மடங்கள்ல சமைக்கறது தனி, அங்க மாமிசமும் இல்ல, பூண்டு வெங்காயமும் இல்ல.

இந்தோனேசியா ஜாவால டெம்பேன்னு ஒண்ணு, சோயாபீன்ஸ்ல ஒரு பூஞ்சையை வளர விட்டு, வெள்ளை வெளேர்னு கட்டியா வந்ததும் வெட்டி பொரிப்பாங்க, காளான் வாசனை வரும். முதல் தடவைக்கு அதுதான் என் சாய்ஸ். மெக்சிகோல சோளக்கதிர்ல பூஞ்சை பிடிச்சு சாம்பல் கலர்ல வீங்கிப்போறதை ஹுயிட்லகோச்சேன்னு ஆசையா சமைப்பாங்க, மத்த நாட்டு விவசாயிங்க அதை பயிர் நோய்னு எரிச்சிடறாங்க.

அப்புறம் பெரு, பொலிவியா மலை மேல செய்யற சுன்யோ. ஜூன், ஜூலைல ராத்திரி கடும் பனி விழும், பகல்ல சுள்ளுனு வெயில் அடிக்கும். குட்டி குட்டி உருளைக்கிழங்கை தரைல பரப்பி விட்டுடுவாங்க, ராத்திரி உறையும், பகல்ல இளகும், அதை வெறுங்கால்ல மிதிச்சு தண்ணியையும் தோலையும் எடுத்துட்டு திரும்ப பரப்புவாங்க. இப்படியே சில நாள்ல கருப்பா, பார்க்க கூழாங்கல் மாதிரி, ஆனா கனமே இல்லாம ஆயிடும். வருஷக்கணக்குல கெடாது. ஃப்ரிட்ஜும் இல்ல, கரண்டும் இல்ல, மலையே மிஷின். ஊறவைச்சு சூப்புல போட்டா மண் வாசனையோட ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும். கிடைச்சா விடாதீங்க.

கேள்வி: பூச்சி சாப்பிடறது இனிமே சகஜமாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமாவா? எனக்கு எறால் அலர்ஜி உண்டு. (ஜிம் ட்ரெய்னர்)

உங்க கேள்வியோட ரெண்டாவது பாதியை முதல்ல எடுக்கறேன். எறால் அலர்ஜி இருக்கறவங்க பூச்சியை தொடாதீங்க தம்பி, புரோட்டீன் பவுடர்ல கலந்து வந்தாலும் சரி. எறாலுக்கும் பூச்சிக்கும் ட்ரோபோமயோசின்ங்கற புரதம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, உடம்பு வித்தியாசம் பார்க்காம ரியாக்ஷன் கொடுத்துடும். 2021ல ஐரோப்பிய யூனியன் மஞ்சள் மீல்வார்ம் புழுவை உணவா விற்க அனுமதிச்சப்பவே பாக்கெட்ல இந்த எச்சரிக்கையை போடணும்னு சொல்லியிருக்காங்க.

இனிமே சகஜமாயிடும்ங்கற பேச்சுதான் எனக்கு உறுத்துது, ஏன்னா ஏற்கனவே சகஜம்தான். ஐ.நா.வோட உணவு அமைப்பு 2013ல வெளியிட்ட அறிக்கைல 1,900க்கும் மேல பூச்சி வகைகள் சாப்பாடா இருக்குன்னு சொல்லியிருக்கு. மெக்சிகோ ஒவாஹாக்கால வெட்டுக்கிளிய பூண்டு, எலுமிச்சை, உப்பு போட்டு வறுத்து மார்க்கெட்ல குவிச்சு வைச்சிருப்பாங்க. ஜிம்பாப்வே, போட்ஸ்வானால மோப்பானே மரத்துல ஒரு கம்பளிப்புழு, விரல் தடிமன் இருக்கும், பொண்ணுங்களும் பிள்ளைங்களும் கையால பறிச்சு, வாலைக் கிள்ளி உள்ள இருக்கற பச்சைத் தண்ணியை பிதுக்கி எடுத்துட்டு, உப்புத் தண்ணில அவிச்சு வெயில்ல காயவைப்பாங்க. காஞ்சதை அப்படியே கொறிக்கலாம், வெங்காயம் தக்காளி போட்டு வதக்கியும் சாப்பிடலாம். அவங்க வீட்ல அது வருமானமும் கூட. ஒடிசா மயூர்பஞ்ச் மாவட்டத்து சிவப்பு எறும்பு சட்னிக்கு 2024ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. இவங்க எல்லாம் எதிர்காலத்தை சாப்பிடல, அவங்க பாட்டி செஞ்சதை சாப்பிடறாங்க.

சைவம் கேட்ட அம்மாவுக்கும் சேர்த்து ஒண்ணு: பாக்கெட்ல ஈ120ன்னு போட்டிருந்தா அந்த சிவப்பு கலர் கள்ளிச்செடில வாழற காக்சினீல்ங்கற பூச்சில இருந்து எடுத்தது.

கேள்வி: யூடியூப் பார்த்து வீட்லயே மீன், கறி எல்லாம் புளிக்க வைச்சு பார்க்கலாம்னு இருக்கேன். டிப்ஸ் கொடுங்க. (சமையல் ஆர்வலர்)

மீனும் கறியும் வேண்டாம். நான் கெஞ்சி கேட்டுக்கறேன்.

அலாஸ்கால பூர்வகுடி மக்கள் மீன் தலையை புல் பரப்பின மண் குழில வைச்சு புளிக்க வைப்பாங்க, குளிர்ந்த மண், காத்து போக வழி. பிளாஸ்டிக் வாளி வந்த பிறகு அதே மீன் தலையை வாளில போட்டு மூடி வீட்டுக்குள்ள கதகதப்புல வைக்க ஆரம்பிச்சாங்க, சீக்கிரம் ஆகும், வசதி. காத்து போகாத அந்த சூட்டுலதான் போட்டுலிசம் கிருமி விஷத்தை உண்டாக்கும். மூச்சுத் தசையே செயலிழந்துடும். பாட்டன் காலத்துல இருந்து செஞ்சவங்களுக்கே பாத்திரம் மாறினதுல இப்படி ஆச்சுன்னா, ஒரு வீடியோவை பார்த்துட்டு செய்யற நமக்கு என்ன பாதுகாப்பு இருக்கு? அந்த விஷத்துக்கு நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது.

ஆசைக்கு முட்டைகோஸ்ல ஆரம்பிங்க, ஜெர்மனில சவர்க்ராட்னு செய்வாங்க. பொடியா நறுக்கி, எடை போட்டு, ஒரு கிலோவுக்கு 20 கிராம் உப்பு, தண்ணி விடற வரைக்கும் கையால பிசைஞ்சு, அதோட தண்ணிக்குள்ளயே முழுகி இருக்கற மாதிரி ஜாடில அழுத்தி வைங்க. ரெண்டு மூணு வாரத்துல நல்லா புளிச்சிடும், அந்த புளிப்புதான் காவல். மேல கலர் கலரா பூஞ்சை பிடிச்சா மொத்தமா கொட்டிடுங்க, மேலாப்புல வழிச்சுட்டு சாப்பிடாதீங்க.

கேள்வி: நீங்க எதையாவது சாப்பிடவே மாட்டேன்னு வைச்சிருக்கீங்களா? (பல பேர் கேட்டது)

இருக்கு. அழிஞ்சுட்டு வர்ற உயிர் எதையும் தொடமாட்டேன், எவ்ளோ பாரம்பரியம்னு சொன்னாலும் சரி. நாடு விட்டு நாடு நடக்கற எறும்புத்தின்னி வியாபாரத்தை 2016ல உலக நாடுகள் கூடி மொத்தமா தடை பண்ணியும் கடத்தல் நிக்கல. புனுகுப்பூனை காப்பி வேண்டாம், காட்டுல அதுவா தின்னு போட்ட கொட்டையை பொறுக்கின காலம் வேற, இப்ப கூண்டுல அடைச்சு பழத்தை திணிக்கறாங்க. பஃபர் மீனோட ஈரல் வேண்டாம். ஜப்பான்ல லைசென்ஸ் வாங்கின சமையல்காரர் செய்யற ஃபுகு (பஃபர் மீனுக்கு அங்க அதான் பேரு) சதை ஓகே, ஆனா 1975ல பாண்டோ மிட்சுகோரோன்னு ஒரு பெரிய கபுகி (ஜப்பான் பாரம்பரிய நாடகம்) நடிகர், கியோட்டோல நாலு பிளேட் ஈரல் கேட்டு வாங்கி சாப்பிட்டு இறந்துபோனார். அந்த விஷம் சூட்டுக்கும் அடங்காது, மாத்து மருந்தும் கிடையாது.

கேள்வி: நாலு வயசு பையன் புதுசா எதை வைச்சாலும் வாயை திறக்கமாட்டேங்கறான். (அம்மா)

அந்த வயசுல புதுசுன்னா பயம் வர்றது இயற்கைம்மா. திணிக்காதீங்க, திட்டாதீங்க. ஒரே சாப்பாட்டை எட்டு, பத்து தடவை கொஞ்சூண்டு ருசி பார்க்க வைச்சாதான் நிறைய பிள்ளைங்களுக்கு பிடிக்கவே ஆரம்பிக்குது, நாம மூணாவது தடவையே விட்டுடறோம். அவன் பக்கத்துல உட்கார்ந்து நீங்க ரசிச்சு சாப்பிடுங்க.

கேள்வி: எனக்கு வயசு 71, பல் பாதி இல்ல, காரம் ஆகாது. வெளிநாடு போனதில்ல. பேத்தி எங்கயாவது புது சாப்பாடு சாப்பிட கூட்டிட்டு போறேங்கறா. போலாமா, போனா என்ன கேக்கறது? (ஒரு தாத்தா)

கண்டிப்பா போங்க தாத்தா. எத்தியோப்பியா சாப்பாடு கிடைக்கற இடமா பார்க்க சொல்லுங்க. டெஃப்னு கடுகை விட சின்ன தானியம், அதை அரைச்சு சில நாள் புளிக்க வைச்சு பெரிய வட்டமா இஞ்சரா ஊத்துவாங்க, மேல பூரா குட்டி குட்டி கண்ணு, பஞ்சு மாதிரி இருக்கும், பல்லே வேண்டாம். அங்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க புதன், வெள்ளி விரதம், அன்னிக்கு மாமிசம், பால் எதுவும் தொடமாட்டாங்க, அதனால "விரத சாப்பாடு"ன்னு கேட்டாலே பருப்பு, கீரை, முட்டைகோஸ்னு தட்டு முழுக்க வரும். காரம் வேண்டாம்னா "அலிச்சா"ன்னு கேளுங்க, மஞ்சள் போட்ட சாதுவான குழம்பு. ஷிரோன்னு ஒண்ணு, கொண்டைக்கடலை மாவுல செய்யறது, உங்களுக்கு அதுதான் ரொம்ப பிடிக்கும்னு தோணுது.

தனித்தனி தட்டு கேக்காதீங்க. ஒரே பெரிய தட்டுல இஞ்சராவை விரிச்சு அது மேலயே எல்லா குழம்பும் வைப்பாங்க, சுத்தி உட்கார்ந்து வலது கையால பிய்ச்சு எடுத்து சாப்பிடணும். நடுவுல ஒரு வாய் உருட்டி பக்கத்துல இருக்கறவங்க வாயில ஊட்டுவாங்க, அதுக்கு குர்ஷான்னு பேரு, அன்புக்கும் மரியாதைக்கும் செய்யறது. பேத்தி ஊட்டினா வாங்கிக்கோங்க, நீங்களும் ஒண்ணு ஊட்டுங்க. எல்லாம் காலியானதும் அடில விரிச்ச இஞ்சரா மிச்சம் இருக்கும், எல்லா குழம்பையும் உறிஞ்சி ஊறிப்போய் இருக்கும். மொத்த சாப்பாட்டுலயும் ருசியான இடம் அதுதான் தாத்தா, வயிறு நிறைஞ்சிடுச்சுன்னு அதை விட்டுட்டு எழுந்துடாதீங்க.